குறைந்த ஓர் எழுத்து

பைத்தியம் எதுவும் பிடிக்காத உபாத்தியாயர் உலகத்தில் இல்லை. சிலர் சீட்டாடுவார்கள், சிலர் வீட்டுமனை வாங்கி விற்பார்கள், சிலர் ஓய்வு நேரத்திலும் பிறர் எழுதிய புத்தகங்களில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். நமக்கு வாய்த்தது சற்று விசித்திரமானது. செத்து ஆயிரத்தெழுநூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்ட ஒரு ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் செல்லாக் காசுகளை நாம் சேகரித்து வருகிறோம்.

"சீஸரா? அகஸ்டஸா?" என்று நண்பர்கள் ஆவலோடு கேட்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகம் வாடிவிடும். நம்முடைய சக்கரவர்த்தியின் பெயர் கல்லியேனஸ். கி. பி. 253 முதல் 268 வரையில் பதினைந்து வருஷம் ரோமாபுரியை ஆண்டவன். அந்தப் பதினைந்து வருஷத்தில் அவனுக்கு வராத கஷ்டம் இல்லை. தகப்பன் பகைவனிடம் சிறைப்பட்டான். ஒரு பிள்ளை செத்தான். இன்னொரு பிள்ளையைக் கொன்றார்கள். ஸாம்ராஜ்யத்தின் மேற்குப் பகுதியைத் தளபதி ஒருவன் பிய்த்துக்கொண்டு போய்விட்டான். கிழக்குப் பகுதியைப் பாலைவன நகரமொன்றின் பிரபு காப்பாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் நடுவே ஒரு கொள்ளை நோய் வேறு. கடைசியில் அவனுடைய ஸொந்த அதிகாரிகளே அவனைக் கொன்றார்கள்.

இப்பேர்ப்பட்ட துரதிர்ஷ்டசாலியை நாம் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், அதற்குக் காரணம் வீரவணக்கம் அல்ல, நம் சம்பளம்தான். அகஸ்டஸின் தங்க நாணயம் ஒன்று வாங்க வேண்டுமானால் நம் வீட்டின் ஒரு பகுதியை விற்க வேண்டும். கரூர் அமராவதி ஆற்று மணலில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றனவே என்று சிலர் ஆசை காட்டுவதுண்டு. மண்ணிலிருந்து எடுத்த புதையல் பத்து ரூபாய் பெறுமானத்துக்கு மேற்பட்டதென்றால் ஸர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்லுகிறது. பையன்களுக்குக் குடிமைப் பயிற்சி போதிக்கிறவன் ஆற்று மணல் காசை இரகசியமாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது அழகாக இராது. கல்லியேனஸின் காசோ தமிழ்நாட்டு மண்ணைச் சேர்ந்ததல்ல. ஐரோப்பாவில் பானை பானையாக வெளிப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் ஜில்லாவில் 1978-ல் அகப்பட்ட ஒரே புதையலில் ஏறக்குறைய 55,000 காசுகள் இருந்தன. அக்காலத்துக் காசுகளே அதில் பெரும் பகுதி. ஆகையால் விலை மலிவு.

முதற்காசை 2017-ல் சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அப்போது நம் தகப்பனார் பொங்கலுக்காக நம் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அவர் பாங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் காஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பாஸமுத்திரத்தில் நம் தமக்கையார் வீட்டோடு வசித்து வந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் தஞ்சாவூருக்கு வந்து நம்மோடு இருப்பார். காசைக் கையில் வாங்கியவர் முதலில் அதைக் கல்தரையில் சுண்டிப் பார்த்தார். மரக்கட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஏலே, இதில் வெள்ளி எங்கே இருக்கிறது?" என்றார்.

"வெள்ளிக் காசென்றுதான் அப்பா பெயர்."

"பெயரில் இருந்தால் போதுமா?"

அந்தக் கேள்வி கல்லியேனஸின் அரசாட்சி முழுவதையும் மூன்றே சொல்லில் அடக்கியது என்பது அன்று நமக்குத் தெரியவில்லை. இந்த இனக் காசைக் கரகல்லா என்ற சக்கரவர்த்தி 215-ல் முதன் முதலாக வெளியிட்டபோது அதில் ஏறக்குறையப் பாதி வெள்ளி இருந்தது. தலையில் சூரிய கிரணங்களைப் போல் முள் முள்ளாக நிற்கும் ஒரு கிரீடம். அதைக்கொண்டு இக்காசை உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். இதற்கு அந்தோனினியானஸ் என்று இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு வந்த ஒவ்வொரு சக்கரவர்த்தியும், பால்காரன் பாலில் செய்வதைக் காசில் செய்தான். பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வெள்ளி போதவில்லை, செம்பைச் சேர்த்தால் ஆயிற்று. கல்லியேனஸின் கடைசி வருஷத்தில், அதாவது 268-ல், நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட அதில் இல்லை. மேலுக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த ஒரு பழைய ஓலை — ஓலை என்றால் பாப்பிரஸ் — 260-ம் வருஷத்துச் சமாசாரம் ஒன்றைச் சொல்லுகிறது. அந்த ஊர் நாணயமாற்று வியாபாரிகள் அப்போதைய அரசர்களின் காசை வாங்க மனமில்லாமல் கடையைச் சாத்திவிட்டார்கள். கடையைத் திறக்க வேண்டும், சுத்தக் கள்ளக் காசைத் தவிர மற்றக் காசையெல்லாம் வாங்கியாக வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார். அந்தச் சமயத்தில் எகிப்து கல்லியேனஸின் கையில்கூட இல்லை. போட்டிச் சக்கரவர்த்திகள் இருவர் கையில் இருந்தது. நம் தகப்பனாருக்கு இக்கதையைச் சொன்னபோது, "கடையைச் சாத்தினவன்தான் காஷியர்" என்று நெடுநேரம் சிரித்தார்.

வெள்ளிப் பூச்சைப்பற்றிச் சொல்லும்போது நம் மடத்தனத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதற்காசு கறுத்துக் கிடந்தது. கறுத்த பாத்திரத்துக்கு நம் வீட்டு முறை என்ன? ஒரு கொட்டைப் புளியைக் கரைத்தோம். கொஞ்சம் சாம்பலைத் தொட்டோம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தோம். பதினேழு நூற்றாண்டு மண்ணுக்குள் தப்பிப் பிழைத்திருந்த பூச்சு கால் மணி நேரத்தில் போய்விட்டது. பளபளவென்று செம்பு முகம் வெளிவந்தது. நம் மனைவி எட்டிப் பார்த்து, "அடுத்த தடவை சொல்லுங்கள், நானே தேய்த்துக் கொடுக்கிறேன், இன்னும் நன்றாகப் பளிச்சென்று இருக்கும்" என்றாள். பழங்காசைத் தேய்க்கவே கூடாது, வெந்நீர்கூட வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்து மெல்லத் துடைப்பதே அதிகம் என்று பிற்பாடுதான் கற்றுக்கொண்டோம். அந்தக் காசு இன்னும் நம்மிடம் இருக்கிறது. விற்கப் போனால் யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்னொரு தரம் ஏமாந்ததும் உண்டு. ஒரு வியாபாரி "மிகவும் அபூர்வம்" என்று சொல்லி விற்ற காசின் விளிம்பைத் தகப்பனார் நகத்தால் தடவிப் பார்த்து, "இது அடித்த காசு இல்லை, வார்த்த காசு, இதோ பார், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு" என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குமிழி குமிழியாகத் துளைகள் வேறு. ரோமர்கள் தகட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அதில் இணைப்புக் கோடு வர நியாயம் இல்லை. பட்டம் பெற்ற நமக்குத் தெரியாதது காஷியர் நகத்துக்குத் தெரிந்தது. அன்று முதல் அவர் நம்முடைய நாணய இலாகாவின் தணிக்கை அதிகாரியானார். ஒரு நீளமான பேரேடு வாங்கிக் கோடு போட்டு, வரிசை எண், தேதி, எடை, விலை, குறிப்பு என்று பாங்கிக் கணக்கைப்போலவே பதிய ஆரம்பித்தார். அவர் ஊரில் இருக்கும் மாதங்களில் வாங்கும் காசுகளைச் சிறு காகித உறையில் போட்டு வைத்திருப்போம். பொங்கலுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பதிவார். எடை பார்க்க நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றும் வாங்கினோம். பெரும்பாலான காசுகள் மூன்று கிராம் சொச்சம் இருக்கும். ஒன்றைப்போல் ஒன்று இராது.

நேயர்களுக்கு இதில் என்ன ருசி என்று தோன்றக்கூடும். காசில் உள்ள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் விடாது. உதாரணமாக, கல்லியேனஸ் தன் கடைசி நாட்களில், 267, 268 வருஷங்களில், ரோமாபுரி அச்சுச்சாலையில் ஒரு மிருகக் காட்சிசாலையையே அச்சடித்தான். சந்திர தேவதையான டயானாவுக்கு மான்; கடல் தெய்வமான நெப்டியூனுக்கு மீன்வால் முளைத்த குதிரை; சூரியனுக்குச் சிறகு முளைத்த குதிரை; அப்பல்லோவுக்குப் பாதி மனிதனும் பாதி குதிரையுமான ஒரு பிராணி; திராட்சை மதுவின் தெய்வத்துக்குச் சிறுத்தை. சக்கரவர்த்தியைக் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு தெய்வத்தின் பெயரும் சுற்றி எழுதியிருக்கும். அச்சுச்சாலையில் அப்போது பன்னிரண்டு பட்டறைகள்; இன்ன பட்டறையில் அடித்தது என்று தெரிய அடியில் ஓர் எண்ணெழுத்து. சுற்றிலும் நெருப்புப் பிடித்து எரிகிறது, எந்தத் தெய்வம் வந்து காப்பாற்றும் என்று தெரியாமல் ஒருவன் எல்லாக் கோவிலுக்கும் நேர்ந்துகொள்வதைப் போல் இருக்கிறது. நம் பெண், அப்போது ஏழாவது படித்தாள், மான் காசைப் பார்த்தவுடன் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். மான் தலையைத் திருப்பாமல் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. கொம்பு தெளிவாக விழுந்திருக்கிறது. நம்மிடம் உள்ளவற்றில் மிக அழகானது அதுதான்.

பதினெட்டு வருஷமாக வகுப்பில் ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நாம் கல்லியேனஸை ஒரு சோம்பேறி என்றுதான் சொல்லி வந்தோம். நாமாகச் சொன்னதில்லை. அவன் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதப்பட்ட ஒரு லத்தீன் சரித்திர நூல் அப்படித்தான் அவனைச் சித்திரிக்கிறது. எகிப்து போயிற்று என்று சொன்னபோது, அந்தத் தேசத்துச் சணல் துணி இல்லாமல் நம்மால் இருக்க முடியாதா என்று கேட்டானாம். தகப்பன் சிறைப்பட்ட செய்தி வந்தபோது, அவரும் மனிதர்தானே என்று தத்துவம் பேசினானாம். பையன்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாமும் சிரிப்போம்.

தகப்பன் விஷயம் இதுதான். வலேரியன் என்ற கிழவனும் அவன் மகன் கல்லியேனஸும் 253-ல் சேர்ந்தே பட்டத்துக்கு வந்தார்கள். தகப்பன் கிழக்கைப் பார்த்துக்கொள்வது, பிள்ளை மேற்கைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. 260-ல் எடெஸ்ஸா நகரத்துக்கு அருகே — இன்று துருக்கி தேசத்தில் ஊர்ஃபா என்று வழங்குகிறது — பாரசீக மன்னன் ஷாப்பூர் வலேரியனை உயிரோடு பிடித்துவிட்டான். அதற்கு முன்னால் எந்த ரோமச் சக்கரவர்த்தியும் பகைவன் கையில் சிறைப்பட்டதில்லை. ஷாப்பூர் பெருமையைச் சும்மா விடவில்லை. நக்ஷ்-இ-ருஸ்தம் மலைப் பாறையில் தான் குதிரைமேல் வீற்றிருக்கவும் வலேரியனின் கையைத் தான் பிடித்திருக்கவும் சிற்பம் செதுக்கச் சொன்னான். பக்கத்திலேயே மூன்று பாஷைகளில் கல்வெட்டும் பொறித்தான். சக்கரவர்த்தியைத் தன் ஸொந்தக் கையால் பிடித்ததாக அதில் சொல்லுகிறான். ஷாப்பூர் குதிரை ஏறும்போது வலேரியனின் முதுகைப் படியாக உபயோகித்தான் என்று லாக்டான்ஷியஸ் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதியிருக்கிறார். வலேரியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவன் என்பதையும் கவனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். எப்படியானாலும் வலேரியன் திரும்பி வரவில்லை. பிள்ளை போய் மீட்கவும் இல்லை.

இதை நாம் 2019 பொங்கலின்போது தகப்பனாருக்குச் சொன்னோம். அவர் கையில் பேனாவோடு பேரேட்டின்மேல் குனிந்திருந்தார்.

"பிள்ளை ஏன் போகவில்லை?"

"சோம்பேறி என்று எழுதியிருக்கிறார்கள், அப்பா."

"அந்த வருஷம் அவன் எங்கே இருந்தான்?"

நமக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மணி நேரம் புத்தகங்களைப் புரட்டியபின் தெரிந்துகொண்டோம். அதே காலத்தில் அலமான்னியர் இத்தாலிக்குள்ளேயே புகுந்து, மிலான் வரையில் வந்துவிட்டார்கள். அவர்களை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான். டான்யூப் நதிக்கரையில் ஒரு தளபதி கலகம் செய்து தன்னைச் சக்கரவர்த்தி என்றான். அவன் ஒழிந்ததும் இன்னொருவன் கிளம்பினான். கொலோன் நகரத்தில் போஸ்டுமஸ் என்ற தளபதி கலகம் செய்ததில் கல்லியேனஸின் பிள்ளை ஸலோனினஸ் கொல்லப்பட்டான். கால் தேசமும் பிரிட்டனும் ஸ்பெயினும் கை விட்டுப் போயின. எல்லாம் ஏறக்குறைய அந்த ஒரே வருஷத்துக் கணக்கு.

தகப்பனார் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு, "வரவில்லை என்று வேறே, வர முடியவில்லை என்று வேறே. பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே பக்கத்தில்தான் பதிவு விழும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காசை எடுத்தார்.

2021 மே மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்த மாதம் எப்படி இருந்தது என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கு உத்தரவு, ஆஸ்பத்திரிகளில் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் பஞ்சம். அக்காளின் மகன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நாம் புறப்பட உத்தேசித்த தினத்தில் நமக்கும் மனைவிக்கும் அதே காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்தது. வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். தகப்பனாரோடு ஒரே ஒரு தடவை டெலிபோனில் பேசினோம். மூச்சு வாங்கியது. "காசு புதிதாக ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றோம். ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்காளின் மகன் தூரத்தில் நின்று பார்த்தான். நாம் தஞ்சாவூரில், தகரத்துக்கு உள்ளே, கையில் டெலிபோனோடு நின்றுகொண்டிருந்தோம்.

மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது நம் சித்தப்பா திண்ணையில் நாலு பேர் நடுவில் சொன்னார்: "பெற்ற பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை." நம்மிடம் பரிசோதனைச் சீட்டு இருந்தது. அதை எடுத்துக் காட்டவில்லை. அவரும் அண்ணனை இழந்தவர்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அலமாரியைத் திறக்கவில்லை. திறந்தபோது, கடைசிப் பொங்கலுக்குப் பிறகு வந்த காசுகளைப் பதியலாம் என்று பேரேட்டை எடுத்தோம். இருபத்து மூன்றாவது இலக்கத்தோடு தகப்பனாரின் எழுத்து நின்றிருந்தது. அவர் "குறிப்பு" என்ற பத்தியில் காசின் எழுத்துக்களைத் தமிழில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருப்பார். லத்தீன் அறியாதவர், ஆனாலும் ஓர் எழுத்தை விடமாட்டார். மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்தபோதுதான் அது நம் கண்ணில் பட்டது. முதல் ஏழெட்டுக் காசுகளுக்கு எதிரே "ஏ வி ஜி ஜி" என்று முடிகிறது. மற்றவற்றுக்கு எதிரே "ஏ வி ஜி" என்று முடிகிறது. ஆரம்பத்தில் கைப்பிசகு என்று எண்ணினோம். காசை எடுத்துப் பார்த்தோம். பிசகு இல்லை.

அகஸ்டஸ் என்பது சக்கரவர்த்திப் பட்டம். அதை ஏ வி ஜி என்று சுருக்கி எழுதுவது வழக்கம். சக்கரவர்த்தி இருவரானால் கடைசி எழுத்தை இரட்டித்து இரண்டு ஜி போடுவார்கள். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஆண்ட ஏழு வருஷத்துக் காசுகளில் "இரு அகஸ்டஸ்களின் வீரம்", "இரு அகஸ்டஸ்களின் வெற்றி" என்று இரண்டு ஜி இருக்கும். 260-க்குப் பிறகு ஒரே ஜி. இந்தச் சூத்திரம் எல்லா நாணயப் புத்தகங்களிலும் இருக்கிறது. காசின் காலத்தை நிர்ணயிக்க நாமே பல தடவை உபயோகித்திருக்கிறோம். அந்த எழுத்து ஓர் ஆள் என்று மட்டும் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஏதோ ஒரு நாள் காலையில், மிலானிலோ ரோமாபுரியிலோ, அச்சு செதுக்குகிறவனிடம் யாரோ வந்து, இனிமேல் ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. கல்லியேனஸின் மூத்த பிள்ளை — பாட்டன் பெயரையே வைத்திருந்தார்கள், அவனும் வலேரியன் — 258 வாக்கில் இறந்துபோனான். அவனுக்குத் தெய்வப் பட்டம் கொடுத்துக் காசு அடித்தார்கள். சிறு பையன் கழுகின்மேல் உட்கார்ந்து வானத்துக்குப் போகிறான். பிள்ளைக்கு அப்படிச் செய்தவன் தகப்பனுக்குச் செய்யவில்லை. தெய்வமான வலேரியன் என்று கிழவன் பெயரில் கல்லியேனஸ் ஒரு காசும் வெளியிடவில்லை. இதையும் கல் நெஞ்சுக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நம் அபிப்பிராயம் வேறு. செத்தவனைத்தான் தெய்வமாக்க முடியும். பாரசீகத்தில் எங்கேயோ ஒரு கிழவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாத பிள்ளை என்ன செய்வான்? இருக்கிறான் என்றும் காசில் போட முடியாது. இல்லை என்றும் போட முடியாது. ஓர் எழுத்தை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். கிறிஸ்தவர்கள்மேல் தகப்பன் நடத்திய கொடுமையை மட்டும் அந்த வருஷத்திலேயே நிறுத்தினான்.

"எங்கும் சமாதானம்" என்று பொறித்து அவன் ஒரு தங்கக் காசு வெளியிட்டான். அவன் நாட்டில் சமாதானம் இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். முன்பெல்லாம் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்போம். இப்போது அந்தப் பாடம் வரும்போது சிரிப்பு வரும்படி சொல்லத் தெரியவில்லை. பையன்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். கல்லியேனஸ் உத்தமன் என்று நாம் வாதிக்கவில்லை. காசைக் கெடுத்தவன் அவனேதான். அதன் பலனை அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் அனுபவித்தார்கள். ஆனால் 268-ல் மிலான் நகரத்துக்கு வெளியே, பகைவர் வருகிறார்கள் என்று பொய்க் கூச்சல் போட்டு ஏமாற்றியபோது, அவன் கவசம்கூட அணியாமல் வெளியே ஓடி வந்ததால்தான் சதிகாரர்களின் கையில் அகப்பட்டான். சோம்பேறி அப்படி ஓடி வரமாட்டான். அப்போது அவனுக்கு வயது ஐம்பது. சிறைப்பட்ட தகப்பனைப்பற்றிய செய்தி வந்தபோது நாற்பத்திரண்டு இருக்கலாம். நம் வயதுதான்.

சென்ற வருஷம் நாம் இருபத்து நான்காவது காசை வாங்கினோம். சற்று விலை அதிகம். நம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கிழக்குச் சீமையில் அடித்த காசு. ஒரு பக்கம் கல்லியேனஸின் தலை. மறுபக்கத்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். இருவர் கையிலும் ஈட்டி. சுற்றிலும் எழுத்து, முடிவில் இரண்டு ஜி. தகப்பனாரின் பேரேட்டில் அவர் கோட்டுக்குக் கீழே நாமே தேதியும் எடையும் விலையும் பதிந்தோம். நம் கையெழுத்து அவருடையதைப்போல் நேராக இராது.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் வந்த சித்தப்பா நம் வீட்டுக்கும் வந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர் மேஜைமேல் கிடந்த பேரேட்டை எடுத்துப் புரட்டினார். அண்ணன் எழுத்தைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசி வரியில் விரலை வைத்து, "இது யார் எழுதியது?" என்றார்.

"நான்தான், சித்தப்பா."

"அந்தக் காசு எது?"

எடுத்துக் கொடுத்தோம். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் இந்த இரண்டு பேரும்?"

"தகப்பனும் பிள்ளையும்."

"இதில் தகப்பன் எது?"

சொல்ல முடியாது என்றோம். இருவரும் ஒரே உயரம், ஒரே உடை. முகம் தேய்ந்துவிட்டது. அவர் ஊஞ்சலை நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னலண்டை போனார். காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். உள்ளேயிருந்து நம் மனைவி காப்பி ஆறுகிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்தாள்.

"இடது பக்கத்தில் நிற்பவன்தான் தகப்பன்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா காசை நம் கையில் கொடுத்தார். பிறகு காப்பி சாப்பிட வந்தார்.